உன் எடையை இனிக் கேட்கமாட்டேன்

என் மகன் தண்டபாணிக்கு,

செண்பகனூரிலிருந்து உன் அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மனைவி செல்வியும் குழந்தை கயல்விழியும் நலம். உன் நலத்தைத் தொலைபேசியில் கேட்டறிய நான் மேற்கொண்ட முயற்சிகள் யாவும் தோல்வியுற்றன. ‘சாப்பிட்டியா’ என்று நான் தொடங்கிய கணமே நீ வேலை செய்யும் தாண்டிக்குடியில் சிக்னல் போய்விடுகிறது. செல்வியோடு பேசும்போது அரைமணி நேரம் அசையாமல் நிற்கும் அதே சிக்னல், என் குரலைக் கேட்டதும் மலையிறங்கி ஓடிவிடுவது எந்த விஞ்ஞானத்தில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. நீ இதைப் பாதியில் மடித்து ஜீப்புக்குள் போட்டாலும் எழுத்து அங்கேயே காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரும் செல்வியிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு டீயும் இரண்டு வடையும் தீரும் நேரத்தில் படித்து முடித்துவிடலாம். வடை என்று எழுதியதற்கு மன்னித்துவிடு, கைதவறி வந்துவிட்டது. இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வேண்டுமென்றேதான் எழுதினேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வருகிற புதன்கிழமையோடு டாக்டரம்மா கொடுத்த மூன்று மாதம் முடிகிறது. அன்றைக்கு அந்த அறையில் நடந்தது முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. உன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை அவர் இருமுறை பார்த்தார். “இப்ப ஆரம்பம்தான். சோத்தக் கொறச்சு, தெனம் ஒரு மணி நேரம் நடந்தீங்கன்னா மாத்திரை இல்லாமலே சுகரைக் கட்டுக்குள்ள கொண்டாந்துரலாம்” என்றார். நீ சிரித்துக்கொண்டே, “வண்டி ஓட்டுறவனுக்கு ஏதுங்க டாக்டர் ஒரு மணி நேரம்?” என்றாய். “அப்ப வாழ்நாள் பூரா மாத்திரை முழுங்க நேரமிருக்கா?” என்று அவர் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினாய். காலில் ஏதாவது தெரிகிறதா என்று அவர் கேட்டபோதுதான், பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருப்பதாக நீ சொன்னாய். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் அதை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். உன் பாதத்தைப் பற்றி எனக்குத் தெரியாத செய்தி ஒன்று இந்த உலகத்தில் இருக்கக்கூடும் என்று அதுவரை நான் எண்ணியதே இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரையா இல்லையா என்று முடிவு செய்வதாகச் சொல்லி அனுப்பினார்.

இப்போது அந்தப் பரிசோதனைக்கே போகமாட்டேன் என்கிறாயாம். செல்வி சொல்ல மறுத்தாள், நான் விடவில்லை. “ரத்தம் குடுக்கப் போனா அம்மா பின்னாலயே வரும். நம்பர் என்னன்னு கேக்கும். அப்புறம் ஊருக்கே தெரியும். நா போகல” என்றாயாம். அதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது கோபம். இரண்டாவதாக வந்ததும் கோபம்தான். மூன்றாவதாகத்தான் பயம் வந்தது. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், தண்டபாணி. உன்னைக் காப்பாற்றுவதற்காக நான் செய்த காரியமே உன்னை மருத்துவமனை வாசலிலிருந்து துரத்திவிட்டது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு பால் வீணாக வேண்டியிருந்தது.

இந்தக் கதையின் தொடக்கம் உன் நினைவுக்கு எட்டாதது. அதை நானே சொல்லியாக வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து நாங்கள் கப்பலேறி வந்தபோது எனக்குப் பதினேழு வயது. அங்கே மாவும் ரொட்டியும் கிடைக்காமற்போன மாதங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு லயத்தில் கன்னம் உப்பிய குழந்தை ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்காரர்களை மற்றவர்கள் மரியாதையோடு பார்த்த காலம் அது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொடுக்கும் பத்திரிகைத் தாளைப் பிரித்து, எண்ணெய்க் கறையை விலக்கி விலக்கிப் படித்து என் தமிழை நானே உண்டாக்கிக்கொண்டேன். உன்னை வயிற்றில் சுமந்தபடி பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதித் தேறினேன். பால்வாடி ஆசிரியை வேலை கிடைத்த நாளில், தெருவே என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டது. அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் செய்திருப்பேன். எதைச் செய்தேன் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

பால்வாடியில் மாதம் ஒருமுறை எடை பார்க்கும் நாள் வரும். கூரை விட்டத்திலிருந்து ஒரு தராசு தொங்கும். அதன் கொக்கியில் கால்சட்டை போன்ற துணிப்பை மாட்டியிருக்கும். குழந்தையை அதற்குள் இறக்கிவிட்டால் முள் நடுங்கி நடுங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த எடையை ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுக்க வேண்டும். அட்டையில் ஏற்கெனவே அச்சிட்ட கோடுகள் இருக்கும். மேல்கோட்டுக்கு அருகில் இருந்தால் குழந்தை நன்றாக வளர்கிறது. கடைசிக் கோட்டுக்குக் கீழே போனால் தாய்க்கு அறிவுரை கூற வேண்டும். நான் சேர்ந்த முதல் மாதமே, ஒரு வயதும் நிரம்பாத உன்னை அந்தப் பையில் இறக்கினேன். முள் பாதிவழிகூடப் போகவில்லை. முப்பது தாய்மார் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, நான் முந்தின நாள்தான் அறிவுரை கூறியிருந்தவள், “ஏத்தா, டீச்சரு புள்ளையே கடைசிக் கோட்டுக்குக் கீழ கெடக்கு, நமக்கு வந்துட்டாக பாடம் சொல்ல!” என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் பெயர் எழுதிய அட்டையில் புள்ளி வைத்தபோது பேனா முனை தாளைத் துளைத்துக்கொண்டு போயிற்று.

அன்று முதல் நான் உனக்குச் சோறூட்டவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வாயை மூடிக்கொண்டால் மூக்கைப் பிடித்தேன். தட்டைத் தள்ளிவிட்டால் காக்காயைக் காட்டினேன், நாயைக் காட்டினேன், லாரியைக் காட்டினேன். பால்வாடியில் குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுப்போம். வராத குழந்தைகளின் பங்கு மிஞ்சும். அதை மறுநாள் மெலிந்த குழந்தைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் அதில் சிலவற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து உனக்குக் கொடுத்திருக்கிறேன். இதை இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை. உன் தந்தைக்கு மட்டும் தெரியும். காய்கறி லாரிக்கு மூட்டை ஏற்றிக் களைத்து வந்தவர், நான் உன்னைத் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, “அவன்தான் நல்லா ஓடியாடித் திரியுறான்ல, விடு புள்ள” என்றார். அந்த மனிதர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று நான் எண்ணும் விஷயங்கள் மிகச் சில. அவற்றில் இது முதலாவது.

உன் புள்ளி மேல்கோட்டைத் தொட்டால் எடைக்கு எடை வெல்லம் தருவதாகப் பழனி ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டேன். தொட்டது. அதையும் தாண்டியது. உனக்கு ஐந்து வயதானபோது நாம் மலையேறினோம். நீ படிகளைத் தாவித் தாவிக் கடந்து, மேலே நின்று எங்களைக் கேலி செய்தாய். துலாபாரத் தராசில் உன்னை உட்காரவைக்கும் முன், மண்டப நிழலில் நிறுத்தி ஆறு இட்லி ஊட்டினேன். “ஆண்டவனுக்குக் கூடுதலா ரெண்டு வெல்லம் போகட்டும்” என்று சொல்லிக்கொண்டேன். ஆறாவது இட்லியை நீ துப்பினாய்; மறுபடியும் ஊட்டினேன். கோவணமும் தண்டமும் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று நிற்கிறவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அவர் சன்னிதியிலேயே வேண்டாம் என்ற பிள்ளையின் வாயில் நான் திணித்தேன். அது ஒரு முரண்பாடு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. சென்ற ஆண்டு நாம் மறுபடியும் போனோம் அல்லவா? நான் படியேறினேன், நீ விஞ்சில் வந்தாய். விஞ்சை விட்டு இறங்கி வரிசைக்கு நடந்து வருவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். “என்னலே?” என்றேன். “ஒண்ணுமில்லம்மா, வெயிலு” என்றாய். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது.

எல்லாப் பழியையும் நானே ஏற்றுக்கொள்வேன் என்று நீ மகிழ்ந்துவிட வேண்டாம். உனக்கு இப்போது இருபத்தொன்பது வயது. பண்ணைக்காட்டில் நிறுத்திப் பரோட்டா தின்னச் சொன்னது நான் அல்ல. சுற்றுலா வேன் ஓட்டிய ஐந்து வருடமும், வெளியூர்க்காரர்கள் படகில் சுற்றிவிட்டு வருவதற்குள் ஏரிக்கரையில் பஜ்ஜி, அவித்த சோளம், க்ரீம் பன், கலர் பாட்டில் என்று நேரத்தைத் தின்றே கழித்தாய். இந்த ஊரும் அதற்கேற்ற ஊர்தான். பத்தடிக்கு ஓர் எண்ணெய்ச்சட்டி கொதிக்கிறது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பூம்பாறையிலிருந்து இறங்கும் கேரட்டும் பீன்ஸும் பட்டாணியும் லாரி லாரியாகச் சமவெளிக்குப் போக, அவை விளையும் மலையில் இருக்கிற நாம் மைதா தின்று வீங்கிக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைக்குத் தீப்பெட்டி வாங்க வேனை எடுத்தாயே, அந்த நாளை நான் மறக்கவில்லை. “நடந்து போனா என்னப்பா?” என்று கேட்டதற்கு, “வண்டி எதுக்கும்மா இருக்கு?” என்றாய். கால் எதற்கு இருக்கிறது என்று நானும் கேட்டேன். அன்று இருவரும் சாப்பிடாமல் படுத்தோம். அதாவது, நான் சாப்பிடவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது எது தெரியுமா? ஊராரை என்னால் நடக்கவைக்க முடிந்தது. பணி ஓய்வு பெற்ற மறுமாதம் பஜார் கடைக்காரர் மனைவி மும்தாஜ் வந்து, “டீச்சரு, எனக்குச் சுகராம். தனியா நடந்தா நாயி தொரத்துது, நீங்க தொணைக்கு வாங்க” என்றார். இரண்டு பேராகத் தொடங்கினோம். இப்போது என்னைத் தவிரப் பதினொரு பேர். வெள்ளனே எழுந்து, குல்லாவும் ஸ்வெட்டருமாக, பனி விலகுமுன் அருவி வளைவு வரை போய்த் திரும்புகிறோம். முதல் வாரம் மும்தாஜ் நடந்ததை விட நின்றதுதான் அதிகம். “முட்டி புடிச்சிருச்சு டீச்சரு, நீங்க போங்க, எம் மய்யத்த வரும்போது தூக்கிக்கலாம்” என்பார். நான் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. “அந்த மஞ்சக் கல்லு வரைக்கும் வாங்க, போதும்” என்பேன். அடுத்த நாள் அதற்கடுத்த கல். சோற்றை அடியோடு நிறுத்துங்கள் என்று எவரிடமும் சொன்னதில்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி பீன்ஸோ சௌசௌவோ வையுங்கள் என்றேன். நாளைக்கு ஆறு டீ என்றால் நான்கு. அதில் இரண்டு சர்க்கரை இல்லாமல். “சக்கர இல்லாத தேத்தண்ணியக் குடிச்சா எம்புருசன் மொகத்தப் பாத்த மாதிரியே இருக்கு” என்று மும்தாஜ் சொல்ல, பெண்கள் வளைவிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். ஆறு மாதத்தில் அவருடைய பழைய ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்தன. டாக்டரம்மா அவருக்கு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு நம் வீட்டு வாசலில் எடை பார்ப்போம். அதற்கென்று ஏறி நிற்கும் எடைக்கருவி ஒன்று வாங்கிவைத்தேன். ஒவ்வொருவரும் ஏறுவார்கள். எண்ணை நான் மட்டும் பார்த்து, அவரவர் காதில் சொல்லுவேன். எவருடைய எடையும் இன்னொருவருக்குத் தெரியாது. இது நானே வகுத்த விதி. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நீ வேனைத் துடைக்கத் தண்ணீர் எடுக்க வாசலுக்கு வந்தாய். டாக்டரம்மாவைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நீ ஒருநாள்கூட நடந்திருக்கவில்லை. முந்தின நாள் உன் வேனின் இருக்கைக்குக் கீழே மூன்று சிப்ஸ் பொட்டலங்களை நான் கண்டெடுத்திருந்தேன். “ஏலே தண்டபாணி, இங்க வா, ஏறு” என்றேன். “சோலி கெடக்கும்மா” என்றாய். “ஏறிட்டுப் போ, சோலி ஓடிறாது.” “அப்புறம் ஏறுறேன்.” “இத்தன பொம்பளைக ஏறுறாக, ஆம்பளைக்கு என்ன பயம்?” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். நீ வாளியைக் கீழே வைத்தாய். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல் ஏறி நின்றாய்.

நான் அந்த எண்ணை உன் காதில் சொல்லவில்லை. உரக்கச் சொன்னேன். இங்கே மறுபடியும் அதை எழுதமாட்டேன். அதோடு நின்றிருக்கலாம். “அன்னிக்கும் கோட்டுக்கு வெளிய நின்ன, இன்னிக்கும் கோட்டுக்கு வெளியதான் நிக்கிற” என்றும் சொன்னேன். நயமாகப் பேசிவிட்டதாக அந்த ஒரு நொடி எனக்குப் பெருமை கூட இருந்தது. நீ இறங்கினாய். என்னை நேராகப் பார்த்து, “ஏத்திவிட்டது நீ. இப்ப எறங்கலன்னு நீயே ஏசுற” என்றாய். குரலை உயர்த்தவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய், துடைக்காத வேனையே ஓட்டிக்கொண்டு போனாய். நான்கே நாளில் தாண்டிக்குடி காபித் தோட்டத்தில் ஜீப் ஓட்டும் வேலைக்குச் சம்மதித்து, பெட்டியோடு கிளம்பிவிட்டாய். இந்த நாற்பது நாளில் இருமுறை வந்தாயாம். இருமுறையும் நான் நடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

நீ போன பிறகு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? ‘பெற்றவள் சொல்லக்கூடாதா’ என்று பத்து நாள் எல்லாரிடமும் நியாயம் பேசினேன். ஒருநாள் வளைவில் மும்தாஜ் நின்றுவிட்டார். முட்டிவலி என்று நினைத்தேன். “ஒண்ணு கேக்கணும் டீச்சரு, கோவிச்சுக்காதீக. ஏழு புள்ள பெத்த கெழவி நானு. எனக்கே என் எடைய நீங்க காதுலதான சொன்னீக? ஒங்க மகனுக்கு மட்டும் எதுக்கு மைக்கு வச்சீக?” என்றார். “வெரசா நடங்க, குளுருது” என்று சொல்லி அவர் முன்னால் போய்விட்டார். முதன்முறையாக அவருக்குப் பின்னால் நான் நடந்தேன். ஊராரிடம் நான் காட்டிய பொறுமை என் அறிவிலிருந்து வந்தது. உன்னிடம் நான் காட்டியது முப்பது பேர் சிரித்த அந்தப் பழைய நாளிலிருந்து வந்தது. உன் உடம்பை நான் எப்போதும் என் அட்டையாகவே பார்த்திருக்கிறேன். அது மெலிந்தபோது எனக்கு அவமானம். பெருத்தபோது எனக்குப் பெருமை. மிகப் பெருத்தபோது மறுபடியும் எனக்கே அவமானம். இடையில் நீ எங்கே இருந்தாய் என்று நான் பார்க்கவில்லை.

இருந்தும், ஒப்புக்கொள்வது வேறு, மாறுவது வேறு என்பதைச் சென்ற வாரம் உன் மகளிடம் கற்றேன். செல்வி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கயலுக்கு நான் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் கிண்ணம் முடிந்ததும் அவள் உதட்டைப் பூட்டிக்கொண்டு, “போதும்” என்றாள். “ஒரே ஒரு வாயி” என்றேன். “போதும் அப்பத்தா.” கதவோரம் ஓடினாள், நான் கிண்ணத்தோடு பின்னாலேயே போனேன். “இத வாங்கிக்கிட்டாத்தான் அப்பா மாதிரி பெருசாகலாம்” என்றேன். உடனே அவள் வாயைத் திறந்தாள். அப்பன் ஊரில் இல்லாத பிள்ளை அவள். அப்பா என்ற சொல்லுக்கு வாயைத் திறந்தாள், பசிக்கு அல்ல. கரண்டி பாதிவழியில் நின்றது. மறுகணம் அவள் தன் சின்னக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே தள்ளி, “போதும்னு சொன்னேன்ல” என்றாள்.

அந்தச் சொல்லை நீ எப்போது கடைசியாகச் சொன்னாய் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. பழனியில் ஆறாவது இட்லியைத் துப்பினாயே, அதற்குப் பிறகு நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டிருப்பாய். உன் வயிறு நிறைந்ததா இல்லையா என்பதை என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி உன்னைப் பழக்கிவிட்டேன். நான் ஊட்டுவதை நிறுத்திய பிறகு ஏரிக்கரைக் கடைகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. பசியை எப்படி அடக்குவது என்று உனக்கு நான் நூறு முறை சொல்லிக்கொடுக்க முயன்றிருக்கிறேன். நிறைவை எப்படி அறிவது என்று ஒருமுறைகூடச் சொல்லித்தரவில்லை, இருந்ததையும் பிடுங்கிக்கொண்டேன்.

ஆகவே உன்னிடம் நான் கேட்பதைத் தெளிவாக எழுதுகிறேன். புதன்கிழமை காலை வெறும் வயிற்றோடு மருத்துவமனைக்குப் போ. நான் வரமாட்டேன். செல்வி வருவாள், வேண்டாமென்றால் அவளும் வரமாட்டாள். சீட்டில் என்ன எண் வருகிறதோ அது உன்னுடையது. என்னிடம் காட்டாதே. நான் கேட்கவும் மாட்டேன். எண்களை எழுதியே இருபத்தேழு வருடம் சோறு தின்றவளுக்கு இது எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியும், தெரிந்தே எழுதுகிறேன். மாத்திரை என்று டாக்டரம்மா சொன்னால் விழுங்கு, அது தோல்வி இல்லை. நட என்று சொன்னால், தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு அவர்கள் வேலை முடித்து வரும்வரை ஜீப்புக்குள் படுத்துக் கிடக்கிறாயாமே, அந்த நேரத்தில் காபிச் செடிகளுக்கு நடுவே ஒரு வளைவு வரை போய்வா. மறுநாள் இரண்டு வளைவு. பாதத்தை மட்டும் தினமும் குனிந்து பார், செருப்பில்லாமல் திரியாதே. இதைச் சொல்லாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

எடைக்கருவியை மும்தாஜ் வீட்டில் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் இனி அங்கேதான் போவார்கள். உன் பழைய அட்டை என் பெட்டியில் இருக்கிறது. அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை, மன்னித்துக்கொள். இன்னொன்று. உன்னைப் பதினொரு பேர் முன்னிலையில் சிறுமைப்படுத்தினேன்; அதே பதினொரு பேர் முன்னிலையில் அதை ஒப்புக்கொள்வதுதான் முறை. இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக்காட்ட விரும்புகிறேன். ஆனால், நீ சரி என்று செல்வியிடம் சொல்லி அனுப்பினால் மட்டும். சொல்லாவிட்டால் இது நமக்குள்ளேயே இருக்கட்டும். உன்னைப் பற்றிய எதையும் உன்னைக் கேட்காமல் உரக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதை இந்த வயதில்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ரத்தம் கொடுத்துவிட்டு, புதன்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வா. நடை நேரம் பார்த்து வராதே; நான் இருக்கும்போதே வா. முட்டைக்கோஸ் பொரியலும் முள்ளங்கிச் சாம்பாரும் வைக்கிறேன். சோறும் வடிப்பேன், ஒரேயடியாகத் திருந்திவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். நான்தான் பரிமாறுவேன். நீ எப்போது போதும் என்கிறாயோ அப்போது கரண்டியை நிறுத்த வேண்டும் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பழைய கை, தண்டபாணி. நிற்காமல் போனாலும் போகும். அப்படிப் போனால் முகம் சுளிக்காதே, எழுந்து போய்விடாதே. உன் மகள் செய்த மாதிரி, என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே தள்ளிவிடு.

உன் வரவை எதிர்நோக்கும்
அம்மா